பெட்டியைக் கடைசியில் செய்யுங்கள்: வீட்டிலேயே ஒரு போட்டோ பூத்

தக்கலைப் பக்கம் சித்தி மகள் வீட்டுப் பால்காய்ப்புக்குத்தான் என் முதல் போட்டோ பூத்தை, அதாவது பொத்தானை அமுக்கினால் தானே படமெடுத்து அச்சடித்துத் தரும் அமைப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ஆசாரியிடம் கொடுத்து இழைத்து, வார்னிஷ் அடித்து, பித்தளைக் கைப்பிடி வைத்த பெட்டி. வந்தவர்கள் எல்லாரும் பெட்டியைத் தடவிப் பார்த்து "கொள்ளாம் கேட்டியா" என்றார்கள். படத்தைப் பார்த்த சித்திதான் உண்மையைச் சொன்னாள்: "ஏ மக்கா, என் கண்ணாடியில என்னடே ரெண்டு வளையம்? கண்ணையே காணோம்."

கண்ணாடி போடாதவர்கள் படத்தில் வேறு கோளாறு. நெற்றி எண்ணெய் வடிவதுபோல் மின்னியது. வேட்டி சட்டை வெளுத்துப்போய் முகம் கறுத்திருந்தது. சில படங்களில் குறுக்கே மங்கலான பட்டைகள். பெட்டிக்கு மூன்று வாரம் செலவழித்த நான், விளக்குக்கு ஒரு சாயங்காலம்கூடச் செலவழிக்கவில்லை. கடையில் கிடைத்த வளைய விளக்கு ஒன்றை லென்ஸைச் சுற்றி மாட்டி, பக்கத்தில் இன்னொன்றை வைத்தேன், அவ்வளவுதான்.

அதனால் இங்கே வேலையின் வரிசை தலைகீழ். முதலில் விளக்கு, பிறகு தூரம், கேமரா, பொத்தான், பிரிண்டர். இவையெல்லாம் முக்காலியிலும் மேசையிலும் கிடந்தபடியே ஒழுங்காகப் படம் எடுத்த பிறகு பெட்டி. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதற்கு மனசு வராது, எனக்கும் வரவில்லை.

காரணம் எளிது. ஸ்டுடியோவில் ஆள் இருந்தார். நாடியைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்வார், கண்ணாடியில் வெளிச்சம் அடித்தால் விளக்கை நகர்த்துவார், உயரமானவரைப் பின்னால் தள்ளுவார். பூத்தில் அந்த ஆள் கிடையாது. அவர் கையால் செய்ததையெல்லாம் நீங்கள் முன்கூட்டியே செய்து, அசையாமல் பூட்டிவைக்க வேண்டும். 1925-இல் அனடோல் ஜோசெபோ நியூயார்க்கின் பிராட்வேயில் வைத்த தானியங்கிப் படப்பெட்டி 25 சென்ட்டுக்கு 8 படம் கொடுத்தது. படம் கழுவி வெளியே வர சுமார் 8 நிமிடம். படமெடுக்கும் ஆள் இல்லாமல் அது ஓடியதற்குக் காரணம், உள்ளே உட்காரும் இடமும் விளக்கும் மாறாமல் இருந்ததுதான். நாம் செய்யப்போவதும் அதே வேலைதான். ஆனால் மூடிய பெட்டி நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஆகாது, நம் குடும்பங்களும் இரண்டு பேராக வருவதில்லை. ஆகவே முன்பக்கம் திறந்த பூத்.

விளக்கு

மின்கடையில் வளைய விளக்கையோ வீட்டு டியூப்லைட்டையோ வாங்குவதற்கு முன்னால், பக்கத்தில் உள்ள சைன்போர்டு செய்கிற கடைக்குப் போங்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தேட வேண்டிய அவசியமே இருக்காது, தெருவுக்கு ஒன்று இருக்கும். நமக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு: 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்டிரிப், வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ்., பால் நிற அக்ரிலிக், அலுமினியத் தகடு ஒட்டிய ஏ.சி.பி. ஷீட்டின் வெட்டுத்துண்டுகள்.

ஸ்டிரிப் வாங்கும்போது மட்டும் அவர்கள் கையிலிருப்பதை அப்படியே எடுத்துவிடாதீர்கள். எழுத்துப் பலகைக்குப் பிரகாசம் போதும், முகத்துக்கு நிறமும் சரியாக வேண்டும். சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் போட்டிருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது, உச்சம் 100. 90-க்குக் கீழே உள்ளதைத் தொடாதீர்கள். மலிவான ஸ்டிரிப்பில் மாநிறத் தோல் சாம்பல் பூத்ததுபோலவோ பச்சை தட்டியோ விழும். அரக்குச் சிவப்புப் பட்டு பழுப்பாகிவிடும். கூல் ஒயிட், வார்ம் ஒயிட், நேச்சுரல் ஒயிட் என்று மூன்று கேட்டால் தருவார்கள். நேச்சுரல் ஒயிட் எடுங்கள், சுமார் 4000 கெல்வின். இரண்டு பலகைக்கும் வேண்டியதை ஒரே கடையில் ஒரே நாளில், ஒரே வகையில் வாங்குங்கள். இடது கன்னம் ஒரு நிறம், வலது கன்னம் ஒரு நிறம் என்றால் பிறகு எந்த மென்பொருளும் காப்பாற்றாது.

ஒரு பலகை செய்கிற விதம் இது. இரண்டடிக்கு இரண்டடி ஏ.சி.பி. துண்டு ஒன்று. ஐந்து மீட்டர் ஸ்டிரிப்பை, அதில் கத்தரிக்கோல் குறி போட்ட இடங்களில் மட்டும் வெட்டி, அரை மீட்டர் நீளத்தில் பத்துத் துண்டாக்குங்கள். துண்டுகளை ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் வரிவரியாக ஒட்டுங்கள். வரிகளை ஒன்றின் வாலில் இன்னொன்றைச் சேர்த்து நீட்டினால் கடைசி வரிக்குப் போகும்போது வோல்டேஜ் இறங்கி வெளிச்சம் மங்கும். எல்லா வரியின் பிளஸ்ஸையும் ஒரு கம்பியில், மைனஸ்ஸையும் ஒரு கம்பியில் சேர்த்துப் பற்றவையுங்கள். சுற்றிலும் எட்டு சென்டிமீட்டர் உயரத்துக்குச் சட்டம் அடித்து, மேலே மூன்று மில்லிமீட்டர் பால் அக்ரிலிக்கை மூடுங்கள். அந்த எட்டு சென்டிமீட்டரில் கஞ்சத்தனம் செய்தால் அக்ரிலிக்கில் புள்ளி புள்ளியாக எல்.இ.டி. தெரியும். தெரிந்தால் நெற்றியிலும் புள்ளி புள்ளியாக மின்னும். உள்பக்கம் முழுக்க வெள்ளை பெயின்ட். தெர்மோகோலைப் பின்பலகையாக வைக்காதீர்கள். அது சூட்டை வெளியே விடாது, தீப்பிடித்தால் உருகி ஒழுகும். அக்ரிலிக் கிடைக்காவிட்டால் பழைய ஒற்றை வேட்டியை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டலாம், அதுவும் நன்றாகவே இருக்கும்.

மின்கணக்கு: ஸ்டிரிப்பில் மீட்டருக்கு 12 வாட் என்று இருந்தால் ஐந்து மீட்டருக்கு 60 வாட். 12 வோல்ட்டில் அது 5 ஆம்பியர். சரியாக ஐந்து ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். போட்டால் முகூர்த்தம் முடிவதற்குள் கொதிக்கும். பலகைக்கு ஒன்றாகப் பத்து ஆம்பியர் போடுங்கள், எர்த் கம்பியை மறக்காமல் இணையுங்கள். 230 வோல்ட் வருகிற பக்கத்து வேலை தெரியாவிட்டால் அந்த ஒரு இணைப்பை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

குறுக்குப் பட்டை விஷயத்துக்கு வருகிறேன். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்.இ.டி. பல்புகளும் டியூப்களும் அதன் இரண்டு மடங்காக, நொடிக்கு 100 முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். நேர்மின்னோட்டம் தருவதால் இந்தத் தொல்லை பெரிதாக இருக்காது. ஆனால் நடுவில் ஒரு டிம்மரைச் செருகினால் பெரும்பாலான டிம்மர்கள் விளக்கை வேகமாக அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கும், பட்டை திரும்ப வந்துவிடும். டிம்மர் வேண்டாம். செல்போனில் ஸ்லோமோஷன் வைத்து விளக்கைப் படம்பிடித்துப் பாருங்கள். துடித்தால் அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மண்டபத்து விளக்குகள் எப்படியும் துடிக்கும் என்பதால், ஷட்டரை 1/100 நொடியில் வைப்பது கூடுதல் பாதுகாப்பு. 100 துடிப்பில் ஒன்று முழுதாக ஒவ்வொரு படத்துக்குள்ளும் அடங்கிவிடும்.

இனி வைக்கிற இடம். சித்தியின் வளையங்கள் ஏன் வந்தன? கண்ணாடிச் சில்லில் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். லென்ஸின் உயரத்திலேயே, லென்ஸுக்குப் பக்கத்திலேயே விளக்கு இருந்தால் அது நேராக லென்ஸுக்குள்தான் திரும்பி வரும். விளக்கை உயர்த்தி, விலக்கி வைத்தால் அந்தத் திரும்பல் தரைக்கோ பக்கவாட்டுக்கோ போய்விடும். நான் பல தடவை மாற்றிப் பார்த்து இப்போது வைத்திருக்கும் அளவு: கேமராவுக்கு இரண்டடி முன்னால், நடுக்கோட்டிலிருந்து இடம் வலம் மூன்று மூன்றடி விலகி, பலகையின் நடுப்பகுதி ஏழரை அடி உயரத்தில், முகத்தை நோக்கிக் கீழே சாய்த்து. இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். ஒரு பக்கம் தூக்கலாக, மறுபக்கம் நிழலாக வைத்தால் ஒற்றை ஆள் படம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஏழு பேர் வந்து நின்றால் ஒருவர் நிழல் அடுத்தவர் முகத்தில் விழும், சரிசெய்ய ஆள் இல்லை.

உயர விளக்கால் கண்ணுக்குக் கீழே நிழல் குழியும். அதற்கு மருந்து, கேமராவுக்குக் கீழே இடுப்பளவில் ஒரு வெள்ளைப் பரப்பு. இப்போதைக்கு ஒரு தெர்மோகோல் அட்டையைச் சாய்த்து வையுங்கள். பிற்பாடு பெட்டியின் முகப்பையே பளபளப்பில்லாத வெள்ளையாக அடித்துவிட்டால் அந்த வேலையைப் பெட்டி செய்யும். என் வார்னிஷ் போட்ட முதல் பெட்டி இந்த வகையிலும் வீண்.

விளக்கை ஆட்களுக்கு மிக அருகில் கொண்டுவர ஆசை வரும், வெளிச்சம் கூடுமே என்று. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். விளக்கிலிருந்து இரண்டடியில் நிற்பவருக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்குதான் நான்கடியில் நிற்பவருக்கு. முன்வரிசைப் பிள்ளைகள் வெளுத்து, பின்வரிசையில் நிற்கும் மாமா இருட்டில் போவது இதனால்தான். நான் சொன்ன அளவில் வைத்தால் முன்னவருக்கும் இரண்டடி பின்னால் நிற்பவருக்கும் உள்ள வித்தியாசம் கண்ணை உறுத்தாது.

ஃபிளாஷ் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்கலாம். வெளிச்சம் நிறையக் கிடைக்கும், படம் தெளிவாகவும் இருக்கும். ஆனால் எரிகிற விளக்கின் கீழ் நிற்பவர் கணினித் திரையில் தன்னைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள முடியும், வயதானவர்கள் திடுக்கிட மாட்டார்கள், கண் மூடிய படம் குறையும். முதல் பூத்துக்கு எரிவிளக்குத்தான் என் சிபாரிசு.

தூரம்

18–55 லென்ஸ் போட்ட சாதாரண கேனன் டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஜூமை 24 மி.மீ.-இல் வைத்தால், ஆறரை அடி தூரத்தில் சுமார் ஆறடி அகலம் படத்தில் விழும். நான்கு பேர் தோளோடு தோள் நிற்கலாம், பின்னால் இன்னும் மூன்று தலை. அந்த ஆறரை அடியில்தான் ஆட்கள் நிற்க வேண்டும். பின்திரை பத்தடியில். பத்தடியில் கேமரா பார்க்கிற அகலம் ஒன்பதேகால் அடி, அதனால் திரை பத்தடி அகலம், எட்டடி உயரம். ஆறடித் திரை வாங்கிவிட்டு ஓரத்தில் மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிகின்றன என்று பலர் வருந்தியதைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கும் திரைக்கும் நடுவிலுள்ள மூன்றரை அடியை விட்டுக்கொடுக்காதீர்கள், திரையில் நிழல் விழாமல் இருப்பது அந்த இடைவெளியால்தான்.

திரைக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வேண்டாம். நம் ஊரில் கைக்கெட்டும் பொருள் அதுதான் என்றாலும் பளபளப்பு விளக்கை அப்படியே திருப்பியடிக்கும். சாயம் போட்ட காடாத் துணி, மங்கிய நீலமோ சாம்பலோ போதும். பூ அலங்காரம் வேண்டுமென்றால் தோவாளைக்காரர்களிடம் மாணிக்கமாலை கேளுங்கள். பூவைத் தட்டையாக மடித்துப் பாய்போலக் கட்டுவதால் நிழல் விழுத்தாது, நாலு மணி நேரம் வாடாமல் நிற்கும்.

நிற்கும் இடத்தைத் தரையில் குறிக்க வேண்டும். ஒரு மண்டபத்தில் நான் ஒட்டிய டேப்பின் பசை மார்பிளில் இருந்து போகாமல் மேனேஜரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது கிருஷ்ண ஜெயந்திக்கு வரைவதுபோல் பாதச் சுவடு வெட்டிய ஒரு ரப்பர் விரிப்பை மட்டும் விரிக்கிறேன். குழந்தைகள் ஓடிவந்து அதன்மேல் சரியாக நிற்கும், பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கேமரா

விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. நான்குக்கு ஆறு அங்குலத் தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடித்தால் 1200-க்கு 1800, அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று மேல். பத்து வருடப் பழைய கேமராவிலும் அதைப்போல் பல மடங்கு இருக்கும். பழையது வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கடலோரத்தில் பூட்டிக்கிடந்த லென்ஸில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருக்கும்.

டயலை எம் என்பதில், அதாவது எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல் முறையில் வையுங்கள். தானியங்கி முறையில் வெள்ளை வேட்டியோ, கிறிஸ்தவக் கல்யாணத்தில் மணப்பெண்ணின் வெள்ளைச் சேலையோ வந்தவுடன் கேமரா "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும், போவது முகம்தான். ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) 1600, எஃப் (லென்ஸ் திறப்பு) 5.6, ஷட்டர் 1/100. மேலே சொன்ன விளக்குகளுக்கு இது தொடக்கம். இதை வைத்து ஒரு மாநிறக்காரரையும், ஒரு வெள்ளைச் சட்டைக்காரரையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுங்கள். சட்டையின் மடிப்புகள் தெரிய வேண்டும், முகம் வெளிச்சமாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வராவிட்டால் கேமரா மெனுவில் பிக்சர் ஸ்டைல் என்ற இடத்தில் கான்ட்ராஸ்ட்டை ஒன்றிரண்டு படி குறையுங்கள். பிறகும் சந்தேகம் என்றால் முகத்தின் பக்கம் நில்லுங்கள், கல்யாண ஆல்பத்தில் யாரும் வேட்டி மடிப்பை எண்ணுவதில்லை.

ஃபோகஸ்: விரிப்பில் ஒருவரை நிறுத்தி ஆட்டோஃபோகஸில் ஒரு தடவை பிடித்துவிட்டு, லென்ஸிலுள்ள பொத்தானை எம்.எஃப்.-க்கு (மேனுவல் ஃபோகஸ்) தள்ளுங்கள். 24 மி.மீ.-இலும் எஃப் 5.6-இலும் ஆறரை அடிக்கு ஃபோகஸ் வைத்தால் ஏறக்குறைய ஐந்தடியிலிருந்து பத்தடிவரை எல்லாமே தெளிவாக விழும். குழந்தை முன்னால் ஓடிவந்தாலும் தாத்தா பின்னால் சாய்ந்தாலும் கவலையில்லை. ஜூம் வளையத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் டேப் போட்டுச் சுற்றிவிடுங்கள். வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோவில் விடாமல், ஒரு வெள்ளைத் தாளை விளக்கின் கீழ் படமெடுத்து அதைக்கொண்டு கஸ்டமில் நிலைநிறுத்துங்கள். மாம்பழ மஞ்சள் சேலை வந்தால் ஒரு நிறம், மயில் நீலம் வந்தால் ஒரு நிறம் என்று முகம் மாறாது.

பேட்டரி நான்கு மணி நேரம் தாங்காது, கேமரா பார்ப்பது கணினித் திரையில் நேரலையாக ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா. டம்மி பேட்டரி என்று கேட்டால் தருவார்கள்: பேட்டரி வடிவத்தில் இருக்கும், வால் கரண்டில் செருகப்படும். கேமரா தானாக அணைகிற அமைப்பை நிறுத்திவையுங்கள். இதை மறந்துதான் முக்கால்வாசி பேர் முதல் நாள் தவிப்பார்கள்.

திரை, பொத்தான்

விண்டோஸ் லேப்டாப் இருந்தால் டிஜிகேம்கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில் தொடங்குங்கள். கேமராவை யு.எஸ்.பி.-யில் இணைத்து நேரலை பார்க்கவும், படம் எடுக்கவும் முடியும். கொஞ்சம் கணினி கைவந்தவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியை வாங்கி, பைபூத் என்ற இலவச மென்பொருளைப் போடலாம். அது எண்ணி, எடுத்து, தாளில் அடுக்கி, அச்சுக்கும் அனுப்பிவிடும். கேமராவைக் கையாள்கிற வேலையை அதன் லினக்ஸில் ஜிபோட்டோ2 என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். உங்கள் கேமரா மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று வாங்குமுன் பாருங்கள்.

நேரலை கண்ணாடிபோல இடவலம் மாறித் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஆட்கள் நகர நினைத்த திசைக்கு எதிராக நகர்ந்து தடுமாறுவார்கள். அச்சில் மட்டும் மாறக் கூடாது, பின்திரையில் எழுதிய மணமக்கள் பெயர் இடவலம் திரும்பிவிடும். லென்ஸுக்கு நேர் கீழே, ஒட்டினாற்போல் திரையை வையுங்கள். எவ்வளவு சொன்னாலும் மனிதர்கள் தங்களைத்தான் பார்ப்பார்கள், லென்ஸைப் பார்க்க மாட்டார்கள். லென்ஸைச் சுற்றி ஒரு கிளியோ பூவோ ஒட்டினால் எண்ணிக்கை முடியும் நொடியில் கண் அங்கே போகும்.

பொத்தான் ஒன்றே ஒன்று. கோழிமுட்டை அளவு, சிவப்பு. தொடுதிரை வைத்தால் மருதாணி காயாத கையும் ஈரக்கையும் அதன்மேல் படும், ஆறு பேர் ஆறு இடத்தில் தட்டுவார்கள். எளிய வழி: பழைய மவுஸ் ஒன்றைத் திறந்து, இடது கிளிக்கின் கீழ் உள்ள சின்ன சுவிட்சின் இரண்டு கால்களில் இரண்டு கம்பி பற்றவைத்து, பெரிய பொத்தானுக்கு இழுத்துவிடுங்கள். பொத்தானை அமுக்கினால் கணினிக்கு அது கிளிக். மவுஸின் அடியிலுள்ள சென்சாரைக் கறுப்பு டேப்பால் மூடினால் திரையில் அம்புக்குறி அலையாது.

அழுத்திய பிறகு ஐந்து நொடி, படத்துக்குப் படம் மூன்று நொடி, மொத்தம் மூன்று படம். அதற்குமேல் கூட்டினால் வரிசையில் நிற்பவர்கள் முகம் மாறும்.

பிரிண்டர்

நான் வைத்திருப்பது கேனன் செல்ஃபி சிபி1500. அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு 41 நொடி. இங்க்ஜெட் போல மை தெளிப்பதில்லை, ரிப்பனில் இருக்கும் சாயத்தைச் சூட்டின் மூலம் தாளில் ஏற்றும். மஞ்சள், மெஜென்டா, சயான் என்று மூன்று தடவை, நான்காவதாக மேல்பூச்சு. ஒவ்வொரு தடவையும் தாள் பிரிண்டரின் பின்பக்கம் நீண்டு போய்த் திரும்பும். பெட்டிக்குள் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டுத் தாள் சிக்குகிறது என்று பிரிண்டரைத் திட்டாதீர்கள், பின்னால் அரையடி இடம் விடுங்கள். தூசி பட்டால் வெள்ளைப் புள்ளி விழும்.

108 தாள் கொண்ட பொதியில் மூன்று ரிப்பன், ஒன்றுக்கு 36 படம். தட்டில் ஒரு தடவைக்கு 18 தாள்தான் கொள்ளும். பூத்துக்கு ஆள் வேண்டாம் என்று சொன்னேனே, தாள் போட மட்டும் ஒரு பையன் வேண்டும். அதனால் பிரிண்டரைப் பெட்டிக்கு வெளியே சின்ன மேசையில் வைப்பதே எனக்குச் சரிப்பட்டது. நான்கு பேர் வந்து ஆளுக்கொரு படம் கேட்டால் 164 நொடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம் வரிசை நிற்கும். கூட்டத்துக்கு ஒரு படம், மற்றவர்களுக்கு கியூ.ஆர். வழியே செல்போனில் என்று ஆரம்பத்திலேயே அட்டையில் எழுதி வையுங்கள். திரையில் தெரிவதைவிட அச்சு சற்று இருண்டு வரும், ஆகவே முதல் நாளே பத்துத் தாளைச் சோதனைக்கென்று ஒதுக்குங்கள்.

பெட்டி

இப்போது செய்யுங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை வேண்டாம். வைகாசிக் கடைசியில் தொடங்கும் மழை போய் ஐப்பசியில் இன்னொரு மழை வரும் குமரி மாவட்டம் இது. இரண்டு பருவத்திலும் நனைந்த காற்றில் எம்.டி.எஃப். ஓரம் பிட்டுபோல உதிரும். ஈரம் தாங்கும் 12 மி.மீ. பி.டபிள்யூ.ஆர். பிளைவுட் வாங்கி, வெட்டிய விளிம்புகளுக்கும் பெயின்ட் அடியுங்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும். மருந்து ஏற்றிய பலகையாக இருந்தால் அடிப்பலகைக்கு நல்லது, பச்சையாக வாங்கினால் மூன்றே மாதத்தில் உளுத்துக் கொட்டும்.

மூன்று துண்டு: தலை, தூண், அடிப்பலகை. தலை ஒன்றரையடி அகலம், இரண்டடி உயரம், பதினாலு அங்குலம் ஆழம். தூண் மூன்றடி உயரம். அடிப்பலகை இரண்டடிச் சதுரம். இணைப்புக்கு எட்டு மி.மீ. போல்ட்டும் விங் நட்டும், ஸ்பேனர் இல்லாமலே கழற்றலாம், ஆம்னியின் பின்சீட்டில் அடங்கும். எல்லாம் சேர்ந்தால் லென்ஸ் நாலேமுக்கால் அடி உயரத்தில் வரும், நிற்கும் பெரியவரின் கண்ணுக்குச் சற்றுக் கீழே. பின்பக்கத்துக்குப் பலகை அடிக்காமல் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள், லேப்டாப்புக்குக் காற்று வேண்டும். திருகாணி முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குளச்சலிலோ முட்டத்திலோ ஒரு மாதம் வைத்தால் இரும்புத் திருகாணி பெயின்ட்டுக்கு மேலேயே துருவைக் கக்கும்.

அடிப்பலகைமேல் தூணுக்குப் பின்னால் ஒரு மணல் மூட்டை, ஒவ்வொரு விளக்குத் தாங்கிக்கும் பின்திரைத் தாங்கிக்கும் ஒன்று. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஆரல்வாய்மொழி காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அந்தக் காற்றுக்கு உங்கள் பத்தடித் துணி பாய்மரம்தான். கடற்கரையில் திறந்தவெளி விழாவுக்கு யாராவது கூப்பிட்டால், சுவர் ஓரம் இடம் கேளுங்கள், இல்லாவிட்டால் மறுத்துவிடுங்கள்.

மண்டபத்தில்

முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள். மேடைக்கு எதிரே இடம் கொடுத்தால் மாற்றிக் கேளுங்கள், அலங்காரக்காரரின் ஊதா, நீல விளக்கு எல்லார் கன்னத்திலும் ஏறும். சன்னலுக்கு எதிரேயும் வேண்டாம், மேகம் ஒதுங்கும்போதெல்லாம் படம் மாறும். இடம் சரியா என்று அறிய ஒரு சோதனை உண்டு: உங்கள் விளக்குகளை அணைத்துவிட்டு அதே அமைப்பில் ஒரு படம் எடுங்கள். ஏறக்குறைய இருட்டாக விழுந்தால் மண்டபத்து விளக்கு உங்களை ஒன்றும் செய்யாது. முகம் தெரிகிற அளவு விழுந்தால் இடம் மாற்றுங்கள்.

நல்ல இடம் சாப்பாட்டு அறையிலிருந்து வெளியே வரும் வழி. பந்திக்கு முந்து என்று சும்மா சொல்லவில்லை, சாப்பிடப் போகிறவரை எந்தப் பெட்டியாலும் நிறுத்த முடியாது. அடப்பிரதமன் குடித்து, கை கழுவி, தாம்பூலப் பையோடு வருகிறவர் சாவகாசமாக நிற்பார். முகம் வியர்த்திருக்கும், அதனால் ஒரு கைக்கண்ணாடியும் டிஷ்யூ பெட்டியும் பக்கத்தில். ஃபேன் ஆட்கள்மேல் படலாம், பின்திரைமேல் படக் கூடாது.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் கேமரா அணைந்தால் மென்பொருள் அதைத் தொலைத்துவிடும், எல்லாம் முதலிலிருந்து. 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்றில் கேமராவையும் விளக்குகளையும் போடுங்கள். லேப்டாப்புக்கு அதன் பேட்டரி போதும்.

படங்களை யாருடைய பக்கத்திலும் நீங்களாகப் போடாதீர்கள். கியூ.ஆர். சுட்டி அந்தக் குடும்பத்துக்கு மட்டும் திறக்கட்டும். வேலை முடிந்து கோப்புகளை வீட்டாரிடம் கொடுத்த பின் உங்கள் லேப்டாப்பிலிருந்து அழித்துவிடுங்கள். இன்னொன்று பலருக்குத் தோன்றாது: தீர்ந்துபோன ரிப்பனை விரித்துப் பாருங்கள், அச்சடித்த ஒவ்வொரு படமும் நெகட்டிவ்போல அதில் நிற்கும். மண்டபத்துக் குப்பைத்தொட்டியில் போடாமல் வீட்டுக்கு எடுத்துவந்து கத்தரித்து எறியுங்கள்.

ஏ.சி. மண்டபத்திலிருந்து வெளியே வந்தவுடன் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள், லென்ஸ் வியர்க்கும். வீட்டில் அரைமணி நேரம் அப்படியே இருக்கட்டும். பிறகு உலர்ந்த துணியால் எல்லாவற்றையும் துடைத்து, கேமராவையும் மிச்சத் தாளையும் ரிப்பனையும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள். நீலக் குருணை ரோஸாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். மெல்லிய தீயில் வறுத்தால் திரும்ப நீலமாகும். அதில் கோபால்ட் இருப்பதால் அதற்கென்று ஒரு பழைய சட்டியை ஒதுக்குங்கள், அந்தச் சட்டி திரும்ப அடுக்களைக்குப் போகக் கூடாது.